ஓடு புதுசு, ஒழுகல் பழசு

பழைய ஓட்டைப் பிரித்து இறக்கிவிட்டுப் புது ஓடு மேய்ந்த வீடு, அடுத்த ஐப்பசியிலேயே மறுபடி ஒழுகுவது நம் ஊரில் அபூர்வமில்லை. காசு கொடுத்தவருக்கு ஆத்திரம் வரும். மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "ஓட்டுல ஒரு குறையும் இல்லைங்க" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். நல்ல ஓட்டின் நடுவில் தண்ணீர் இறங்காது. ஓடு முடிகிற இடங்களில்தான் இறங்கும். முகடு, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய், கூரை சுவரைத் தொடும் விளிம்பு, ஆணி துளைத்த இடம், கீழ் வரிசை நிற்கும் இறவாரம் ஆகியவையே அந்த இடங்கள்.

கூரை மாற்றப் பேரம் பேசும்போது இந்த இடங்களைப் பற்றிய பேச்சே வருவதில்லை. "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஓட்டுக்கும் கூலிக்கும் ஒரு தொகை முடிவாகும். முகட்டுக்கு என்ன கலவை, கூடல்வாய்க்கு என்ன தகரம், தண்ணீர் எங்கே போய் விழும் என்பதெல்லாம் வேலை நடக்கும்போது கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றப்படும். செலவுக் கணக்கில் இவை சிறிய தொகைதான். ஆனால் கூரை பத்து வருஷம் நிற்குமா, இரண்டு வருஷத்தில் தொல்லை தருமா என்பதை முடிவு செய்வது இவைதான். மங்களூர் ஓடு மேய்ந்த சரிவுக் கூரையைப் புதுப்பிப்பவர்களும், ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போட நினைப்பவர்களும் ஓட்டோடும் ஷீட்டோடும் சேர்த்துக் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரிப்பதற்கு முன்பு

கூரையைப் பிரித்துவிட்டால் பழைய ஒழுகலின் தடயங்களும் போய்விடும். அதனால் முதல் வேலையை வீட்டுக்குள் தொடங்குங்கள். நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் கதவு, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தில் படிந்திருக்கும் பழுப்புக் கறைகளையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

கறை இருக்கும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டின் இடுக்கில் நுழைந்த தண்ணீர், ஓட்டைத் தாங்கும் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு, ரீப்பரைத் தாங்கும் கைமரத்துக்கு வந்து, கைமரத்தின் அடிப்பக்கமாகவே வழிந்து, நான்கைந்து அடி தள்ளிச் சொட்டும். கறையிலிருந்து முகட்டை நோக்கி மேலே தேடிக்கொண்டே போனால்தான் மூல இடம் தெரியும். அந்த இடம் கூடல்வாயிலோ சுவரோரத்திலோ போய் முடிந்தால், ஓட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இறக்குகிற ஓடு எல்லாம் குப்பை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதுதான் இந்த ஓட்டு வடிவம். பழைய வீடுகளில் தொழிற்சாலையின் பெயர் பதித்த ஓடுகள் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஓட்டை ஒரு கையில் தொங்கலாகப் பிடித்து, மறு கையின் விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல ஓடு. 'டொக்' என்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது. ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். வெவ்வேறு தொழிற்சாலை ஓடுகளின் அளவும் பள்ளமும் கொஞ்சம் மாறும். அவற்றை ஒரே வரிசையில் கலந்தால் ஒன்றுக்குள் ஒன்று சரியாகக் கோக்காது. தேறிய பழைய ஓடுகளை ஒரு சரிவிலும் புதியவற்றை மறு சரிவிலும் வைத்து மேய்வதே சரி.

கைமரமும் ரீப்பரும்

கூரை திறந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் மரத்தை முழுசாகப் பார்க்க முடியும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு கைமரத்தையும் குத்திப் பாருங்கள். முனை கால் அங்குலத்துக்கு மேல் தயங்காமல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். முக்கியமாக இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. அங்கே ஈரம் தங்கும், காற்றுப் படாது, கரையானுக்கும் வழி கிடைக்கும். இன்னொன்று, இறவாரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி. நடுப்பகுதி வைரம் பாய்ந்து கெட்டியாக இருந்தாலும் நுனிகள் போயிருக்கும்.

ரீப்பரைப் பொறுத்தவரை, பழையதன் மேலேயே புது ஓட்டை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ரீப்பர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை நீங்கள் வாங்கிய ஓடுதான் சொல்ல வேண்டும். ஆறு ஓடுகளை நெடுக்காகக் கோத்துத் தரையில் கவிழ்த்து வையுங்கள். ரீப்பரில் மாட்டுவதற்காக ஓட்டின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்குகள் இப்போது மேலே தெரியும். ஓடுகளை நெருக்கித் தள்ளி ஒரு தடவையும், இழுத்து விட்டு ஒரு தடவையும் மூக்குக்கு மூக்கு அளந்து சராசரி எடுங்கள். பெரும்பாலும் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அந்த அளவில்தான் ரீப்பர் அடிக்க வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் சரியாகப் படியாது. அந்த இடுக்கு வழியாகச் சாரல் உள்ளே வரும்.

வாட்டத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். மங்களூர் ஓட்டுக்குக் கிடைமட்டமாக இரண்டடி போனால் ஓரடியாவது உயர வேண்டும், அதாவது சுமார் 26 டிகிரி. இதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழையில் தண்ணீர் ஓட்டின் இணைப்புக்குள் பின்னோக்கி ஏறும். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிய இடங்களில் தலையிடிக்காமல் இருக்க வாட்டத்தைக் குறைத்திருப்பார்கள். எந்த ஓடு போட்டாலும் அங்கே ஒழுகும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஷீட் போடுவது நல்லது.

மரத்துக்குப் பதிலாக இரும்புச் சட்டம் போடுவதானால், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாகவே வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு வெல்டிலும் கசடைத் தட்டி எடுத்துவிட்டு, துத்தநாகப் பிரைமர் பூச வேண்டும். இரும்புக் கூரையில் துரு முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.

முகடு

இரண்டு சரிவுகளும் உச்சியில் சேரும் இடத்தை மூடுவது முகட்டு ஓடு. மேய்கிறவர்கள் அதைக் கலவை வைத்துப் பதிப்பார்கள். கலவையில் சிமெண்ட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கெட்டி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முகட்டில் அது எதிர்மாறாக வேலை செய்யும். வெயிலில் ஓடும் மரமும் விரிந்து சுருங்குகின்றன. கடினமான சிமெண்டுக் கலவைக்கு அந்த அசைவோடு சேர்ந்து போகத் தெரியாது. ஒரு கோடைக்குள் மயிரிழை போல விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் உறிஞ்சும். சுண்ணாம்பு சேர்த்த கலவை அசைவைக் கொஞ்சம் தாங்கும். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று கேட்டு வாங்குங்கள்.

கலவையை முகட்டு ஓட்டின் வயிறு நிறைய அடைப்பதும் வேண்டாம். இரண்டு விளிம்பிலும் பட்டையாக வைத்துப் பதித்தால் போதும். நிறைய அடைத்த கலவை மழைநீரை ஊறவைத்துக்கொண்டு முகட்டு வளையை நனைத்துக்கொண்டே இருக்கும்.

முகட்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் கவனியுங்கள். கடலோரச் சோழ மண்டலத்தில் பெருமழை வடகிழக்கிலிருந்து வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவமும் பலமாக அடிக்கும். மழையடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி ஓட்டை அடுக்கினால் சாரல் இணைப்புக்குள் ஏறாது. இதற்குக் கூடுதல் செலவு ஒரு ரூபாயும் இல்லை. முகட்டை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று வேலைக்கு முன் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கூடல்வாய்

கூரையில் மிக அதிகத் தண்ணீர் ஓடுகிற இடம் இதுதான். முற்றம் வைத்த வீட்டில் உள்பக்கமாக நான்கு மூலையிலும் கூடல்வாய் இருக்கும். இரண்டு பக்கமும் 200 சதுர அடிச் சரிவு உள்ள ஒரு கூடல்வாயை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால் அதன் வழியே மணிக்குச் சுமார் 1,850 லிட்டர் இறங்கும். அதாவது நொடிக்கு அரை லிட்டர். வாளியைச் சாய்த்து ஊற்றுகிற மாதிரியான அந்த ஓட்டத்தை ஓட்டின் மேல் பூசிய கலவையால் தாங்க முடியாது. கீழே தகரம் போட்டே ஆக வேண்டும்.

அந்தத் தகரத்தின் அகலம் இரண்டடிக்குக் குறையக் கூடாது. இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலமாவது உள்ளே போக வேண்டும். அதன் இரண்டு நீள விளிம்புகளையும் மேல்நோக்கி மடித்துவிடச் சொல்லுங்கள். பெருமழையில் நிரம்பி வழியும் தண்ணீர் பக்கவாட்டில் மரத்துக்குப் போகாமல் அந்த மடிப்பு தடுக்கும். தகரத்தைத் துண்டு துண்டாகப் போட்டால் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஆறு அங்குலம் ஏற வேண்டும். ஓடும் பாதையின் நடுவில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஓட்டை வெட்டி வைக்கும்போது நடுவில் நான்கு அங்குலமாவது திறந்த வழி இருக்கட்டும். அழகுக்காக ஓடுகளை ஒட்டிவிட்டால் சருகு சிக்கி அணை கட்டிவிடும்.

எந்த உலோகம் என்பதிலும் கவனம் வேண்டும். அலுமினியத் தகரத்தின் மேல் ஈரச் சிமெண்ட் பட்டால் அது அரிக்கும். இரண்டும் தொட வேண்டியிருந்தால் நடுவே தார்ப்பூச்சு கொடுங்கள். சில பழைய வீடுகளில் செம்புத் தகடு போட்டிருப்பார்கள். அந்தச் செம்பின் மேல் ஓடி வரும் தண்ணீர் கீழே ஜி.ஐ. தகரத்தில் விழுந்தால், ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சைச் சீக்கிரமே தின்றுவிடும். ஒரே நீர்வழியில் இரண்டு உலோகங்களைக் கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

சுவரைத் தொடும் விளிம்பு

சாய்ப்புக் கூரையின் மேல்விளிம்பு வீட்டுச் சுவரில் முடியும். அந்த மூலையில் சிமெண்டைக் குழைத்துச் சரிவாகக் கரை கட்டுவது வழக்கம். கட்டிய அன்று பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். சுவர் அசையாது, கூரை அசையும். இரண்டையும் ஒட்டவைத்த சிமெண்ட் முதலில் சுவரை விட்டுப் பிரியும். ஷீட் கூரையில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆறு மீட்டர் நீள இரும்பு ஷீட், உச்சி வெயிலுக்கும் விடியற்காலைக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபடும் இடத்தில் எந்தச் சிமெண்டும் நிற்காது.

சரியான முறை தகரத்தை மடித்து வைப்பதுதான். கூரை விளிம்புக்கு ஆறு அங்குலம் மேலே சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீளமாகக் காடி வெட்ட வேண்டும். தகரத்தின் மேல்விளிம்பை அதற்குள் செருகி அடைத்துவிட்டு, கீழ்ப்பகுதியை ஓட்டின் மேலோ ஷீட்டின் மேலோ படியுமாறு மடித்துவிட வேண்டும். கீழ்ப்பகுதியைக் கூரையோடு ஒட்டக் கூடாது, சும்மா படிந்திருக்க வேண்டும். கூரை அடியில் அசைந்துகொள்ளும், தண்ணீர் மேலே வழிந்துபோகும். ஃப்ளாஷிங் என்று ஷீட் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். சமையலறைப் புகைபோக்கி, கழிவறைக் காற்றுக்குழாய் ஆகியவை கூரையைத் துளைத்து மேலே வரும் இடங்களிலும் இதே மாதிரிப் பாவாடை வைக்க வேண்டும். சிலிக்கான் பசையைச் சுற்றித் தடவிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். வெயிலில் அது சில வருஷங்களில் காய்ந்து பிளந்துவிடும். தகரத்துக்குத் துணையாக வேண்டுமானால் இருக்கட்டும், தகரத்துக்குப் பதிலாக வேண்டாம்.

இறவாரமும் மழைநீர்க் காடியும்

மேய்ச்சல் தொடங்குவது இறவாரத்தில். மற்ற வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டின் வாயும் கீழே உள்ள ஓட்டின் மேல் ஏறி நிற்கும். முதல் வரிசைக்கு அடியில் அப்படித் தாங்க ஓடு இல்லை. அதனால் ஓரத்து ரீப்பரை ஓர் ஓட்டின் கனத்துக்கு உயர்த்தி அடிக்க வேண்டும், அல்லது ரீப்பர் மேல் ரீப்பராக வைக்க வேண்டும். இதைச் செய்யாத கூரையில் முதல் வரிசை மட்டும் தலைகுனிந்து தொங்கும், இரண்டாவது வரிசையோடு இடைவெளி விழும். அணிலும் எலியும் உள்ளே வருவது அந்த வழியாகத்தான்.

காற்று கூரையைத் தூக்கத் தொடங்குவதும் இதே ஓரத்தில்தான். மங்களூர் ஓட்டின் மூக்கில் கம்பி கோப்பதற்கென்றே துளை இருக்கும். இறவாரத்து வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, இரு பக்க ஓரங்கள் ஆகியவற்றிலாவது ஒவ்வொரு ஓட்டையும் ஜி.ஐ. கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள். கடலோர மாவட்டங்களில் இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது தண்ணீர் பிடிக்கும் காடி. ஷீட் கடைகளில் கட்டர் என்றும், இலங்கையில் பீலி என்றும் சொல்கிறார்கள். பலர் இதை வசதிப் பொருளாக நினைக்கிறார்கள். காடி இல்லாத கூரையின் தண்ணீர் சுவரோரத்தில் விழுந்து, மண்ணைப் பறித்து, தெறித்து, சுவரின் அடிப்பகுதியை ஓரடி உயரத்துக்கு நனைத்துக்கொண்டே இருக்கும். மண்சுவரோ சுண்ணாம்புச் சுவரோ ஆனால் இன்னும் ஆபத்து. காடிக்கு இருபது அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்தால் போதும். தாங்கிகளை இரண்டரை, மூன்று அடிக்கு ஒன்றாக வையுங்கள். நிறைந்த காடியின் எடை கொஞ்சமில்லை, நெருக்கமாகத் தாங்காவிட்டால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். ஓட்டின் நுனி காடிக்குள் இரண்டு அங்குலம் நீண்டிருக்கட்டும்.

இறங்கு குழாயின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கு 100 மி.மீ. என்ற கொட்டும் மழைக்கு, நான்கு அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 40 சதுர மீட்டர் கூரையைத்தான் சமாளிக்கும். 430 சதுர அடிக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு ஒரே ஒரு மூன்று அங்குலக் குழாயை வைத்துவிட்டு, காடி நிரம்பி வழிகிறதே என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரை மாற்றும் சமயமே அதைச் சரியாக அமைக்க ஏற்ற நேரம். ஆயிரம் சதுர அடிப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். இறங்கு குழாயில் ஒரு கிளை வைத்து, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்புங்கள்.

ஷீட்டுக்கு மாறுகிறவர்களுக்கு

ஓட்டுக்குப் பதில் வண்ணப் பூச்சு ஷீட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், மரமும் குறையும். ஆனால் அப்போது கூரையின் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். நூறு சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். ஓடு ஒன்று இரண்டரை, மூன்று கிலோ என்றால் அது 350 முதல் 450 கிலோ. அதே பரப்புக்கு அரை மி.மீ. ஷீட்டின் எடை 45 கிலோவைத் தாண்டாது. இவ்வளவு நாளும் ஓட்டின் எடையே கைமரங்களைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது. பல பழைய வீடுகளில் கைமரத்தைச் சுவரோடு பிணைக்க வேறு எதுவுமே இருக்காது. ஓட்டின் இடுக்கு வழியே காற்று கொஞ்சம் வெளியேறவும் செய்யும். ஷீட்டில் அந்த வழியும் இல்லை.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. அந்த வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமம். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மேல்நோக்கி உறிஞ்சும் விசை இதையும் தாண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும்போது சதுர மீட்டருக்கு நாலரை கிலோ ஷீட் எம்மாத்திரம்? ஆகவே ஷீட்டுக்கு மாறும்போது கூடவே வாங்க வேண்டிய முதல் பொருள் பிணைப்பு. சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் அல்லது தூணோடும் இரும்புப் பட்டையாலும் போல்ட்டாலும் கட்ட வேண்டும். ஷீட் சட்டத்தை விட்டுக் கிளம்பாமல் இருந்து, சட்டத்தோடு மொத்தமாகப் பெயர்ந்து போவதிலும் லாபமில்லை. சங்கிலியில் ஒரு கண்ணியும் விட்டுப்போகக் கூடாது.

அடுத்து ஸ்க்ரூ. தலைக்கு அடியில் கறுப்பு ரப்பர் வாசர் உள்ள ஸ்க்ரூதான் தண்ணீரைத் தடுக்கிறது. மலிவான ரப்பர் வெயிலில் சீக்கிரமே வெடிக்கும், அதனால் ஈ.பி.டி.எம். வாசர் என்று சொல்லியே வாங்குங்கள். மெஷினால் அளவுக்கு மேல் இறுக்கினால் வாசர் பிதுங்கிக் கிழியும், ஷீட்டும் குழிந்து தண்ணீர் தேங்கும். தளர்வாக விட்டால் அடியில் கசியும். வாசர் தலையின் விளிம்போடு சமமாக அமர்ந்திருப்பதே சரியான இறுக்கம். ஓரங்களிலும் முகட்டிலும் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

வெட்டுகிற முறையையும் கவனிக்க வேண்டும். ஷீட்டைக் கிரைண்டரில் வெட்டினால் வேலை சடுதியில் முடியும். ஆனால் அந்தச் சூட்டில் வெட்டு விளிம்பின் பூச்சு கருகிவிடும். தெறிக்கும் பொறிகள் ஷீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, முதல் மழைக்குப் பிறகு ஒவ்வொன்றும் ஒரு துருப்பொட்டாக மலரும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். துளை போட்டபோது விழுந்த இரும்புத் துருவலையும் அன்றன்று மாலையே பெருக்கி எடுத்துவிட வேண்டும்.

வெக்கைக்கு என்ன செய்வது?

ஓட்டு வீட்டிலிருந்து ஷீட்டுக்கு மாறியவர்கள் முதல் சித்திரையிலேயே வருந்துவது வெக்கைக்காகத்தான். ஷீட்டுக்கு அடியில் போடும் வெள்ளி நிற ஃபாயில் விரிப்பு இங்கே பயன்படும். ஆனால் அது வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஷீட்டோடு ஒட்டிப் படுத்துவிட்டால் சூடு நேராகக் கடந்துவிடும், போட்ட காசு வீண்.

விரிப்பைவிட மலிவான தீர்வு காற்று வழி. சூடான காற்று மேலே ஏறி முகட்டுக்குக் கீழே தேங்கும். முகட்டை ஒட்டியோ, பக்கவாட்டு முக்கோணச் சுவரின் உச்சியிலோ திறப்பு வைத்தால் அது வெளியேறும். அதற்கு ஈடாக இறவாரத்தில் காற்று உள்ளே வர வழி வேண்டும். மேலே மட்டும் திறப்பு வைத்துக் கீழே அடைத்துவிட்டால் காற்று நகராது. காற்றில் தானாகச் சுழலும் உருண்டை வென்டிலேட்டருக்கும் இதே விதி பொருந்தும். எல்லாத் திறப்புகளிலும் சிறு கண் வலை அடித்துவிடுங்கள். வௌவாலும் குளவியும் வராது.

கூரை திறந்திருக்கும்போதே

சில வேலைகளுக்காகக் கூரையை இன்னொரு முறை பிரிக்க முடியாது. கைமரத்தோடு ஓடும் பழைய மின்கம்பிகளை எலி கடித்திருக்கலாம், குழாய்க்குள் புதிதாக இழுத்துவிடுங்கள். மின்விசிறிக் கொக்கியையும் மாற்றிவிடலாம். இருட்டறைக்கு வெளிச்சம் வேண்டுமானால் உங்கள் ஓட்டின் அதே வடிவக் கண்ணாடி ஓடு கிடைக்கிறதா என்று ஓடு வாங்கும் கடையிலேயே கேளுங்கள். வடிவம் மாறினால் அந்த இடம் ஒழுகும். பின்னால் சோலார் போடும் எண்ணம் இருந்தால், தகடுகளைத் தாங்கும் கொக்கிகளைக் கைமரத்தில் இப்போதே பதித்து, ஓடுகளுக்கு இடையே வெளியே எடுத்துவிடுங்கள். ஓட்டைத் துளைத்துப் போல்ட் போடும் நிலை வராது. உடைந்தால் மாற்ற நூற்றுக்கு ஐந்து முதல் பத்து ஓடு கூடுதலாக வாங்கி மூலையில் அடுக்கி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அதே ஓடு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் பிரிப்பதில் தனிக் கவனம் வேண்டும். அதன் தூளில் உள்ள நார் நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். அறுக்கவோ, உடைக்கவோ, காய்ந்த தூளைப் பெருக்கவோ கூடாது. ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆளே கீழே விழுவார். பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

எப்போது செய்வது என்றால், மாசி முதல் வைகாசிக்குள். ஆடியில் கூரையைத் திறக்க வேண்டாம். எப்படியும் வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன் கடைசி ஓடு ஏறியிருக்க வேண்டும்.

மதிப்பீட்டுத் தாளில் இருக்க வேண்டியவை

மேஸ்திரியிடமோ ஷீட் போடுகிறவரிடமோ மதிப்பீடு கேட்கும்போது, சதுர அடி விலைக்குக் கீழே இந்த வரிகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

- மாற்ற வேண்டிய கைமரம், ரீப்பர்: எத்தனை அடி, என்ன மரம் அல்லது என்ன கனக் குழாய்
- முகட்டு ஓடு: எண்ணிக்கை, கலவை விகிதம்
- கூடல்வாய்த் தகரம்: உலோகம், அகலம், கனம்
- சுவரோரத் தகரம்: எத்தனை அடி, சுவரில் காடி வெட்டும் கூலி உட்பட
- காடி, தாங்கி, இறங்கு குழாய்: அளவும் எண்ணிக்கையும்
- கட்டுக்கம்பி அல்லது ஸ்க்ரூ: தரம், வாசர் வகை
- காற்றுத் திறப்பு, வலை, ஃபாயில் விரிப்பு
- கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் பட்டையும் போல்ட்டும்
- பழைய பொருளை இறக்கி அப்புறப்படுத்தும் செலவு

இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கினால் எது மலிவு என்பது இப்படி வரிவரியாக ஒப்பிடும்போதுதான் தெரியும். மொத்தத் தொகை குறைவாக உள்ள தாளில் இந்த வரிகளில் பாதி காணாமல் போயிருக்கும்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஹோஸ் குழாயை எடுத்து, கூரையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் இறவாரம், பிறகு சுவரோரம், அடுத்துக் கூடல்வாய், கடைசியில் முகடு. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், ஒழுகினாலும் எங்கிருந்து என்று தெரியாது. இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் கூலியின் கடைசித் தவணை என்று முன்கூட்டியே பேசி, அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மேஸ்திரி அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.